கொசுப்புழுவைக் கொல்லும் கிருமி



கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் நோய்தான் ஞாபகம் வரும். காலரா, டைபாய்டு, காசநோய். ஆனால் உலகத்திலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவை யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ராத்திரி பாலில் ஒரு சொட்டு உறை ஊற்றி மூடி வைக்கிறார்கள். விடிந்தால் தயிர். அந்த வேலையைச் செய்தது கிருமி. அரைத்து வைத்த இட்லி மாவு பொங்குவதிலும் கிருமிக்குப் பங்கு உண்டு. குப்பைக் குழியில் போட்ட சாணமும் தழையும் எருவாக மாறுவதும் கிருமியால்தான். படித்தவர்கள் இந்த வகைக் கிருமியை பாக்டீரியா என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது.

இந்த பாக்டீரியாக்களில் ஒன்று மண்ணில் வாழ்கிறது. அது மனிதரை ஒன்றும் செய்யாது. மாட்டை, மீனை, தவளையை ஒன்றும் செய்யாது. ஆனால் கொசுவின் புழுவை ஒரே நாளில் கொன்றுவிடும். அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சித்தூரிலும் திருப்பதியிலும் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மூளைக்காய்ச்சலோடு நோயாளிகள் வந்தார்கள். வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து வந்தார்கள். பக்கத்து ஆந்திர மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள். கடும் ஜுரம், வாந்தி, வலிப்பு, பிறகு நினைவு தப்பிப்போகும். இது பெரும்பாலும் குழந்தைகளைத்தான் பிடிக்கும். பிழைத்த குழந்தைகளிலும் பலருக்குக் கை கால் விளங்காமல் போகும், புத்தி மந்தமாகும். பரிசோதித்துப் பார்த்த டாக்டர்கள் இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொன்னார்கள். இந்தியாவில் இந்த நோய் மனிதர்களிடம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அப்போதுதான். சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே ஒரு மணி நேர பஸ் பயணம். 1911ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை, வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே நெல் வயல், ஒரே கொசு. மாநில எல்லை மனிதன் போட்ட கோடு. கொசுவுக்கு அது தெரியாது.

கொசுவுக்குள் மலேரியாக் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்ததும் பக்கத்திலேதான். 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் ஒரு கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்தார். அதற்குள் மலேரியாக் கிருமி இருந்தது. அதுவரை கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்றுதான் ஊர் உலகம் நம்பியிருந்தது.

கொசு என்றால் ஒன்று அல்ல. முக்கியமாக மூன்று ஜாதி. மலேரியாவைக் கொண்டு வருவது அனாபிலிஸ். அது உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். நல்ல தண்ணீரில் முட்டையிடும். சாக்கடையில் பிறந்து யானைக்கால் நோயைக் கொண்டு வருவது க்யூலெக்ஸ். அதன் சொந்தக்காரக் கொசு ஒன்று நெல் வயலில் பிறந்து மூளைக்காய்ச்சலைக் கொண்டு வருகிறது. மூன்றாவது ஏடிஸ். காலில் வெள்ளைக் கோடு இருக்கும், பகலில் கடிக்கும். டெங்குவும் சிக்குன்குனியாவும் இதனால் வருகின்றன.

ஏடிஸ் கொசு சாக்கடைக்குப் போகாது. வீட்டுக்குள் பிடித்து வைத்த சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். ராயலசீமையில் மழை குறைவு. குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருவில் மக்கள் என்ன செய்வார்கள்? டிரம்மிலும் தொட்டியிலும் குடத்திலும் பிடித்து வைப்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. தண்ணீர் ஒழுங்காக வந்தால் யாரும் ஐந்து டிரம் வாங்கி வாசலில் அடுக்கமாட்டார்கள். கொசு ஒழிப்பு என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, வீட்டுப் பெண்களையே குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

திருப்பதியின் கதை வேறு. தினம் பல்லாயிரம் யாத்ரீகர்கள் வருகிற ஊர். நாலா திசையிலிருந்தும் ஆள் வந்தால் நாலா திசைக் காய்ச்சலும் கூடவே வரும். 2021 நவம்பரில் பெருமழை பெய்து திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. ஸ்வர்ணமுகி பெருகியது. ராயலசெருவு ஏரி உடைந்துவிடுமோ என்று சுற்றுக் கிராமங்கள் பயந்தன. வெள்ளம் ஓடும்போது கொசுப்புழு அடித்துக்கொண்டு போய்விடும். ஆபத்து அதற்குப் பிறகு. வெள்ளம் வடிந்து அங்கங்கே தேங்கும் குட்டைகளில் ஒரு வாரத்தில் புதுக் கொசு கிளம்பும்.

கொசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் மேலே சொல்லப் போவது புரியும். பெண் கொசு மட்டும்தான் கடிக்கும். முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து புழு வரும். தண்ணீரில் நெளிந்து நெளிந்து ஓடும் இந்தப் புழுவை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது ஓயாமல் தின்றுகொண்டே இருக்கும். தண்ணீரில் மிதக்கும் தூள், பாசி, கிருமி எல்லாவற்றையும் வாயருகே உள்ள மயிரால் வாரி வாரி விழுங்கும். சில நாளில் கூட்டுப்புழு ஆகும். கூட்டுப்புழு எழுத்துக்கு நடுவே போடுகிற கமாவைப் போல வளைந்திருக்கும். அது எதையும் தின்னாது. இரண்டு நாளில் தோலைக் கிழித்துக்கொண்டு கொசு பறக்கும். ஆக முட்டையிலிருந்து கொசு வரை ஏழிலிருந்து பத்து நாள்.

முதலில் மனிதன் பறக்கும் கொசுவோடுதான் சண்டை போட்டான். சுதந்திரம் வந்த சமயத்தில் நம் நாட்டில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. எட்டு லட்சம் பேர் செத்தார்கள். 1953ஆம் ஆண்டு அரசாங்கம் மலேரியாத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். 1965ஆம் ஆண்டு மலேரியா ஒரு லட்சம் பேராகக் குறைந்தது. வெற்றி என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மருந்தில் சாகாமல் தப்பிய கொசுக்கள் முட்டையிட்டன. அவற்றின் பிள்ளைகளுக்கும் மருந்து உறைக்கவில்லை. வேலையிலும் மெத்தனம் வந்தது. 1976ஆம் ஆண்டு மலேரியா மறுபடியும் 64 லட்சம் பேரைப் பிடித்தது.

அதே 1976ஆம் ஆண்டு, வேறொரு தேசத்தில் ஒரு சின்னக் குட்டையில் ஒரு விஷயம் நடந்தது.

இஸ்ரேல் நாட்டில் நெகேவ் என்று ஒரு பாலைவனம் இருக்கிறது. அங்கே வறண்டு கிடந்த ஓர் ஆற்றுப் படுகை. ஸ்வர்ணமுகி மழை இல்லாத மாதத்தில் மணலாகக் கிடக்குமே, அது மாதிரி. நடுவில் ஒரு சின்னக் குட்டை. அதில் கொசுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. சாகும் தறுவாயில் இருந்தவையும் இருந்தன. மருந்து எதுவும் யாரும் ஊற்றவில்லை. யோவெல் மார்கலித் என்ற விஞ்ஞானி அங்கே போனார். மற்றவராக இருந்தால் கொசு செத்தது நல்லதுதானே என்று நடந்திருப்பார். அவர் அங்கிருந்து சேற்றை அள்ளிக்கொண்டு போனார். அந்தச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து எடுத்தார்கள். அதற்கு பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் நீளம். சுருக்கமாக பி.டி.ஐ. என்கிறார்கள். இங்கேயும் அப்படியே சொல்வோம்.

இதன் அண்ணன் தம்பிகள் முன்பே தெரிந்தவை. 1901ஆம் ஆண்டு ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று செத்தபோது இஷிவத்தா என்பவர் இந்தக் குடும்பத்துக் கிருமியைக் கண்டார். 1911ஆம் ஆண்டு ஜெர்மனியில் துரிஞ்சியா என்ற பகுதியில், மாவில் விழும் புழுவிடம் பெர்லினர் என்பவர் கண்டார். துரிஞ்சியென்சிஸ் என்ற பெயர் அந்த ஊரால் வந்தது. அவை வேறு பூச்சிகளைக் கொல்லும். கொசுவைக் கொல்வது நெகேவ் குட்டையில்தான் கிடைத்தது.

இது எப்படிக் கொல்கிறது? பி.டி.ஐ. தண்ணீரும் தீனியும் குறையும்போது ஒரு விதையைப் போலச் சுருண்டுகொள்ளும். அப்போது பக்கத்திலேயே புரதத்தால் ஆன ஒரு சின்னக் கட்டியைச் செய்து வைக்கும். கற்கண்டுத் துண்டு மாதிரி. அந்தக் கட்டி வெளியே கிடக்கும்போது விஷம் அல்ல. கொசுப்புழு தீனி என்று நினைத்து விழுங்கும். கொசுப்புழுவின் குடல் சோப்புத் தண்ணீர் மாதிரி காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில்தான் கட்டி கரையும். புழுவின் குடலில் ஊறும் செரிமானச் சாறு கரைந்த புரதத்தை வெட்டும். வெட்டிய பிறகுதான் அது விஷமாகும். விஷம் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். குடல் வெடிக்கும். புழு சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் சாகும்.

அப்படியானால் மனிதன் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மனிதனின் இரைப்பையில் இருப்பது புளிப்பு, அதாவது அமிலம். அங்கே அந்தக் கட்டி விஷமாக மாறாது. விஷம் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடமும் மனிதக் குடலில் இல்லை. பூட்டும் சாவியும் மாதிரிதான் இது. சாவி இருந்தாலும் பூட்டு இல்லாத கதவில் என்ன செய்ய முடியும்? மாட்டுக்கும் மீனுக்கும் இதே கதைதான். கொசுவுக்கு நெருங்கிய சொந்தமான சில ஈ வகைப் புழுக்கள் மட்டும் இதில் சாகும். குடிதண்ணீர்ப் பாத்திரங்களில் கூட, அதற்கென்று தயாரித்த பி.டி.ஐ.யைச் சரியான அளவில் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பொட்டலத்தைப் பிரித்து மூக்கில் இழுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. எந்தத் தூளும் கண்ணில் பட்டால் எரியும். தெளிக்கிறவர் முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

உலகத்தில் பல இடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரை ஊர்களில் 1980களிலிருந்து தெளிக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றோரத்தில் ஒரு கருப்பு ஈ கடித்துப் பலருக்குக் கண் பார்வை போனது. மக்கள் நல்ல விளைநிலத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். அந்த ஈயின் புழுவுக்கு ரசாயன மருந்து உறைக்காமல் போனபோது பி.டி.ஐ. கை கொடுத்தது.

நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது. அங்கே 1975ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய் பரப்பும் பூச்சிகளுக்கென்று ஒரு ஆய்வு மையத்தைத் தொடங்கியது. நெகேவுக்குப் போகாமலே நம் மண்ணிலிருந்தே இந்தக் கிருமி வகைகளை அங்குள்ளவர்கள் பிரித்தெடுத்தார்கள். பெரிய பாத்திரத்தில் வளர்த்துத் தூளாக்கும் முறையைக் கண்டு, மருந்துக் கம்பெனிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கிருமிக்குத் தீனி போடத்தான் செலவு அதிகம். அதைக் குறைக்க சோயா மாவில் வளர்த்துப் பார்த்தார்கள். கோழி இறகுக் கழிவில் கூட வளர்த்துப் பார்த்தார்கள், வளர்ந்தது. கோழிப்பண்ணைக்காரர்கள் தெருவோரம் கொட்டும் இறகுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பி.டி.ஐ.யைப் போல இன்னொரு கிருமியும் உண்டு. பாசில்லஸ் ஸ்ஃபெரிகஸ் என்று பெயர். சாக்கடையில் இது நன்றாக வேலை செய்யும். செத்த புழுவின் உடம்பிலேயே பெருகும். ஆகவே அதிக நாள் நிற்கும். க்யூலெக்ஸ் கொசுவுக்கு இது எமன். ஆனால் டெங்குக் கொசுவை இது அவ்வளவாக ஒன்றும் செய்யாது.

கேரளத்துக் கொச்சியில் இந்தக் கிருமியை வைத்து ஒரு பாடம் நடந்தது. அங்கே சாக்கடைக் கொசு அதிகம். இரண்டு வருஷத்தில் 35 தடவை ஸ்ஃபெரிகஸ் தெளித்தார்கள். முதலில் புழுக்கள் செத்தன. போகப் போகச் சாகவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, அங்குள்ள கொசுப்புழுக்கள் சாதாரணப் புழுவைப்போல சுமார் 150 மடங்கு மருந்தைத் தாங்கின. 1995ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் இதை எழுதினார்கள். டி.டி.டி.க்கு நடந்தது கிருமிக்கும் நடந்துவிட்டது. ஏன்? ஸ்ஃபெரிகஸிடம் இரண்டு புரதம் சேர்ந்து ஒரே ஒரு விஷம். சாவி ஒன்று. கொசு தன் பூட்டை மாற்றிக்கொண்டது. பி.டி.ஐ.யிடம் நான்கு முக்கியமான விஷங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. நான்கு பூட்டையும் ஒரே சமயத்தில் மாற்றுவது கொசுவுக்குக் கஷ்டம். அதனால்தான் பி.டி.ஐ. இத்தனை வருஷம் கழித்தும் தாக்குப் பிடிக்கிறது. இயற்கையானது என்பதாலேயே ஒரே மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கலாம் என்று நினைப்பது தவறு.

பி.டி.ஐ.க்கும் குறை உண்டு. அது தண்ணீரில் பெருகாது. வெயில் பட்டால் கெடும். தூள் கொஞ்ச நாளில் அடியில் படிந்துவிடும். அதனால் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி தெளிக்க வேண்டும். சாக்கடையில் குப்பையும் அழுக்கும் அதிகம் இருந்தால் புழு அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும், மருந்தைக் குறைவாகத்தான் விழுங்கும். கூட்டுப்புழுவோ எதையுமே தின்னாது, ஆகவே சாகாது. தெளித்த மறுநாளும் இரண்டு கொசு பறந்தால், மருந்து போலி என்று சண்டைக்குப் போகக் கூடாது. அது முந்தின நாளே கூட்டுப்புழுவாக இருந்த கொசு. கூட்டுப்புழுவையும் கொல்லும் வேறு ஒரு பாக்டீரியாவைப் புதுச்சேரி மையத்தில் கண்டிருக்கிறார்கள். அதன் பெயர் சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ்.

நெல் வயலுக்கு என்ன வழி? ஏக்கர் கணக்கில் வாரா வாரம் பி.டி.ஐ. தெளிக்க எந்தப் பஞ்சாயத்தாலும் முடியாது. மதுரையில் இருந்த ஆய்வு மையத்துக்காரர்கள் வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியாவைப் போட்டால் வயலில் கொசுப்புழு குறைகிறது என்று கண்டார்கள். தண்ணீரைச் சில நாள் வடித்து, வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினாலும் குறையும். மூளைக்காய்ச்சலுக்கு முக்கியமான காப்பு தடுப்பூசிதான். 2006ஆம் ஆண்டிலிருந்து நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். அந்தக் கிருமி கொக்கிடமும் பன்றியிடமும் இருந்து கொசு வழியாக வருகிறது. பன்றிக் கொட்டிலை வீட்டோடு ஒட்டி வைக்காமல் தள்ளி வைப்பது நல்லது.

இப்போது புதிதாக இன்னொரு வழியும் வந்திருக்கிறது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பல பூச்சிகளின் உடம்புக்குள் தானாகவே வாழ்கிறது. டெங்குக் கொசுவுக்குள் அது இயற்கையாக இல்லை. விஞ்ஞானிகள் அதைக் கொசுவுக்குள் செலுத்தினார்கள். வோல்பாக்கியா உள்ள கொசுவின் உடம்பில் டெங்குக் கிருமி நன்றாக வளர முடிவதில்லை. தாய்க் கொசுவிடமிருந்து பிள்ளைக் கொசுவுக்கும் அது போகிறது. இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா நகரத்தில் அப்படிப்பட்ட கொசுவை விட்ட இடங்களில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு 2021ஆம் ஆண்டு வெளிவந்தது. புதுச்சேரி மையத்திலும் நம் ஊர்க் கொசுவில் வோல்பாக்கியாவை ஏற்றி வளர்த்திருப்பதாக 2022ஆம் ஆண்டு அறிவித்தார்கள். கொசுவைக் கொல்லாமல் கொசுவைத் திருத்துகிற வேலை என்று இதைச் சொல்லலாம்.

இனி ஊர் விஷயம். டெங்கு வந்துவிட்டது என்றால் தெருவில் புகை வண்டி வரும். டப டப என்று சத்தம் போடும், புகை மூட்டம் கிளம்பும், பையன்கள் பின்னால் ஓடுவார்கள். எல்லோருக்கும் ஏதோ நடந்த திருப்தி. அந்தப் புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். நோய் பரவும்போது அது தேவைதான். ஆனால் வீட்டுக்குள் கட்டில் அடியில் உட்கார்ந்திருக்கும் ஏடிஸுக்குப் புகை எட்டாது. டிரம்மில் நெளியும் புழுவுக்கும் எட்டாது. புழுவைக் கொல்லும் வேலையில் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அதனால் அதை யாரும் கேட்பதும் இல்லை.

கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ ஒரு மனு எழுதலாம். எந்தத் தெரு, எந்தச் சாக்கடை, எந்தக் குட்டையில் புழு இருக்கிறது என்று இடம் சொல்லி எழுத வேண்டும். புழுக்கொல்லி தெளிக்க வருகிறவரிடம், இது என்ன மருந்து, அடுத்த முறை என்று வருவீர்கள் என்று கேட்கலாம். பொட்டலத்தின் மேல் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும், வாங்கிப் படிக்கலாம். தெளித்த இரண்டாம் நாள் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு பாருங்கள். பெரிய பெரிய புழுக்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தால் மருந்து பழசு, அல்லது அளவு குறைவு. அதையும் தேதி போட்டு எழுதிக் கொடுக்கலாம். தெளிப்பதற்கு முன்பு சாக்கடையில் உள்ள பிளாஸ்டிக் குப்பையை வாரச் சொல்ல வேண்டும்.

வீட்டு டிரம்முக்கு மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். முட்டையிலிருந்து கொசு வர ஏழு நாளாவது வேண்டும் என்று பார்த்தோம். ஆகவே வாரம் ஒரு நாள் தண்ணீரைக் காலி செய்தால் போதும். ஆந்திராவில் இதற்கு வெள்ளிக்கிழமையை வைத்திருக்கிறார்கள். காலி செய்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டை தண்ணீர் விளிம்பில் சுவரோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். தேய்த்துக் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயிலில் காயும் தரையில் ஊற்றுங்கள்.